ஆழ்கடல் அனுப்பும் சேதி
(ஹைதராபாத்தில் தமிழ் அன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2016 ஜூலை 22-ஆம் தேதி காலை, தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஏஎன்-32 ரக விமானம் ஒன்று போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. உள்ளே 29 பேர். வங்கக் கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தபோது தொடர்பு அறுந்தது. கப்பல்களும் விமானங்களும் பல வாரங்கள் தேடின. ஒரு துண்டுகூட அகப்படவில்லை. பிறகு அந்தச் செய்தி நாளிதழ்களிலிருந்து மறைந்துபோனது. வீட்டில் காத்திருந்தவர்களுக்கு மட்டும் அது மறையவில்லை. போனவர் இறந்துவிட்டார் என்று நம்பவும் முடியாமல், வருவார் என்று எதிர்பார்க்கவும் முடியாமல் இருப்பது எப்பேர்ப்பட்ட நிலை என்பதைக் கடலோரத்துக் குடும்பங்கள் நன்றாக அறியும்.

2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவில், 3400 மீட்டர் ஆழத்தில், கடல் தரையில் கிடந்த உடைந்த பாகங்கள் படமாகியிருந்தன. அவை ஏஎன்-32 விமானத்துடையவை என்று ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்தப் படங்களை எடுக்க யாரும் கடலுக்குள் இறங்கவில்லை. சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா ஊர்தி ஒன்று தனியாகப் போய் எடுத்துக்கொண்டு வந்த படங்கள் அவை. ஏழரை ஆண்டு கழித்து வந்த சேதி.

ஆழ்கடல் ரோபோக்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது, எதிலிருந்து தொடங்குவது என்று நான் யோசிக்கவே இல்லை. இந்தக் கருவிகளின் உலோகத்தையும் மோட்டாரையும் பற்றி நிறையப் பேசலாம். ஆனால் அடியில் இருக்கும் கருவி மேலே இருக்கும் நம்மிடம் எப்படிப் பேசுகிறது, அது சொல்வது யார் காதில் போய் விழுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்குள்ளேயே இந்தத் துறை முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். இரண்டாவது கேள்வியில்தான் கடலே இல்லாத இந்த ஹைதராபாத் வருகிறது. முதலில் முதல் கேள்வி.

தண்ணீருக்குள் ஒரு பொருள் போய்விட்டால் அதை மீட்பது எவ்வளவு கடினம் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1990 மார்ச்சில் ஹுசேன் சாகரில் புத்தர் சிலை படகிலிருந்து சரிந்து மூழ்கியது, உயிர்களும் போயின. சிலை எங்கே கிடக்கிறது என்று ஊருக்கே தெரியும். ஆழமும் பெரிதில்லை. அப்படியும் அது மேலே வந்து பீடத்தில் நிற்க 1992 டிசம்பர் ஆயிற்று. வங்கக் கடலில் 3400 மீட்டர் என்பதை இதை வைத்து நினைத்துப் பாருங்கள். அங்கே சூரிய ஒளி துளியும் எட்டாது. பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 6000 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும், அதாவது ஒரு கட்டைவிரல் நகத்தின் பரப்பின் மேல், சுமார் 600 கிலோ எடை அழுத்துகிறது.

அழுத்தத்தைப் பொறியாளர்கள் ஒருவாறு வென்றுவிட்டார்கள். டைட்டானியத்தில் கூடு செய்கிறார்கள். கூட்டுக்குள் அடங்காத மோட்டார் போன்ற பாகங்களில் காற்றை வெளியேற்றி எண்ணெயை நிரப்பிவிடுகிறார்கள். உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஒன்றாகிவிட்டால் நசுங்க ஒன்றுமில்லை. மிதக்க வைப்பதற்கு, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய கண்ணாடிக் குமிழ்களைப் பிசினில் கலந்து உறையவைத்த கட்டிகளைப் பொருத்துகிறார்கள். வெல்ல முடியாமல் இருப்பது தகவல் தொடர்பு. செவ்வாய் கிரகத்து ஊர்தியோடு ரேடியோ அலையில் பேசுகிறோம். நம் கரையோரக் கடலில் சில நூறு மீட்டர் கீழே இருக்கும் கருவியோடு அப்படிப் பேச முடியாது. உப்புத் தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். கடலுக்குள் தூரம் போவது ஒலி ஒன்றுதான். அதுவும் நொடிக்கு சுமார் 1500 மீட்டர் வேகம். 6000 மீட்டர் ஆழத்துக்கு ஒரு கட்டளை போய்ச் சேர 4 நொடி, பதில் வர இன்னொரு 4 நொடி. அந்த ஒலி வழியே ஒரு வரிச் செய்தி அனுப்பலாம். ஓடும் காட்சியை அனுப்ப முடியாது.

இந்தத் தடைக்கு மனிதர்கள் கண்டுபிடித்த விடைகள் மூன்று. ரோபோக்களின் இனங்களும் மூன்று.

முதல் விடை கயிறு. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் காலம் காலமாக வைத்திருந்த விடை அது. குளிப்பவர் கல்லின் பாரத்தோடு இறங்குவார்; படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார்; கீழேயிருந்து ஒரு வெட்டு வெட்டினால் தூக்கிவிட வேண்டும். கயிறு பிடிப்பவர் மச்சானாக இருக்க வேண்டும், அவருடைய தங்கையின் தாலியே அவர் கையில் இருக்கிறது என்று கரையோரத்தில் சொல்வார்கள். கம்பிவடம் கட்டிய ரோபோவும் இதே ஏற்பாடுதான். வடத்துக்குள் மின்சாரம் கீழே போகிறது. கண்ணாடி இழை வழியே காட்சி மேலே வருகிறது. கப்பலில் உட்கார்ந்து கையைத் திருப்பினால் அடியில் ரோபோவின் கை திரும்புகிறது.

இந்தியர்களுக்கு இந்த வகையின் அருமை முதலில் உறைத்தது ஒரு பெருந்துயரத்தில். 1985 ஜூன் 23-இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அப்பால் குண்டு வெடித்துக் கடலில் விழுந்தது. 329 பேர் மாண்டார்கள். சுமார் 2000 மீட்டர் ஆழத்திலிருந்து அதன் பதிவுக் கருவிகள் இரண்டையும் ஜூலை 10, 11 தேதிகளில் எடுத்துவந்தது ஸ்காரப் என்ற ரோபோ. கடலடித் தொலைபேசி வடங்களைப் பழுதுபார்ப்பதற்காகச் செய்யப்பட்டது அது. மூன்று வாரத்துக்குள் அந்த ஆழத்திலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்தது அந்தக் காலத்துக்குப் பெரிய சாதனை.

நமக்கென்று ஒன்று பின்னர் வந்தது. ரஷ்யப் பொறியாளர்களோடு சேர்ந்து சென்னை நிறுவனம் உருவாக்கிய ரோசப் 6000, 2010-இல் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5289 மீட்டர் வரை இறங்கியது. 2015-இல் கடலோரக் காவல் படையின் டோர்னியர் விமானம் பிச்சாவரத்துக்கு அப்பால் விழுந்தபோதும் இந்த வகைதான் கைகொடுத்தது. சிந்துத்வஜ் நீர்மூழ்கி அடியிலிருந்து வந்த ஒலிக்குறியைப் பிடித்தது. எண்ணெய்க் கிணற்று வேலைக்காக ரோபோ வைத்திருந்த ஒலிம்பிக் கேன்யன் என்ற தனியார் கப்பல் வந்து, ஏறத்தாழ 1000 மீட்டர் ஆழத்திலிருந்து பதிவுக் கருவியை எடுத்தது.

கயிற்றின் பலவீனமும் கயிறுதான். மரியானா அகழியில் 1995-இல் 10,900 மீட்டருக்கு மேல் இறங்கிய ஜப்பானின் கைகோ, 2003-இல் வடம் அறுந்து தொலைந்தது. பல கிலோமீட்டர் வடத்தைச் சுருட்டி வைக்கப் பெரிய கப்பல் வேண்டும், ரோபோ வேலை செய்யும் நேரம் முழுக்கக் கப்பல் அசையாமல் மேலேயே நிற்கவும் வேண்டும். செலவு கடுமை.

இரண்டாவது விடை, கயிற்றை வெட்டிவிட்டுத் தனியே அனுப்புவது. ஏஎன்-32 விமானத்தைக் கண்டது இந்த இனம். ஓமே 6000 என்று பெயர். கிளம்பும்போதே போக வேண்டிய பாதை அதன் நினைவில் ஏற்றப்பட்டிருக்கும். அடியில் ஜிபிஎஸ் கிடையாது. தன் ஒவ்வோர் அசைவையும் தானே கணக்கிட்டுக்கொண்டு, தரையில் பட்டுத் திரும்பும் ஒலியை வைத்துத் தன் வேகத்தை அளந்துகொண்டு, இந்த நேரத்தில் நான் இங்கே இருக்கிறேன் என்று அது கணித்தபடி போகிறது. சிறு பிழையும் நேரம் ஆக ஆகப் பெருகும். ஆகவே தாய்க்கப்பல் அவ்வப்போது ஒலி வழியே திருத்தம் சொல்கிறது. மற்றபடி அது தனிமையில் வேலை செய்கிறது. தரையை ஒட்டி, நேர்கோட்டில் போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பி, ஓரிடம் விடாமல் சோனார் ஒலியை வீசுகிறது. அடுத்தடுத்த பல எதிரொலிகளை ஒன்றுசேர்த்து ஒரே கூர்மையான படமாக்கும் நுட்பம் இப்போது வந்துவிட்டது. கோணல்மாணலாக ஏதாவது தென்பட்டால் அடுத்த முறை இன்னும் நெருங்கிப் போய்ப் புகைப்படம் எடுக்கலாம். 2024 டிசம்பரில் இதே ஊர்தி இந்தியப் பெருங்கடலின் தெற்கே சுமார் 4500 மீட்டர் ஆழத்தில், கடல் தரையைப் பிளந்து வெந்நீர் பீறிடும் ஊற்று ஒன்றைப் படம்பிடித்தது. கோவாவின் துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் சென்னை நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை அது.

மனிதர்கள் நேரில் இறங்குவதைப் பற்றி இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேரை 6000 மீட்டருக்குக் கொண்டுபோக மத்ஸ்யா 6000 தயாராகிவருகிறது. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியர் இருவர் பிரான்ஸின் நோத்தில் ஊர்தியில் அட்லாண்டிக்கில் இறங்கினார்கள். ஒருவர் 5000 மீட்டரைக் கடந்தார். எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி உண்டு. ஆனால் 1977-இல் கலாபகோஸ் அருகே கடலடியில் கண்டறியப்பட்ட முதல் வெந்நீர் ஊற்றை முதலில் கண்டது ஆல்வின் நீர்மூழ்கியில் போனவர்கள் அல்லர். அதற்கு முன் கப்பல் இழுத்துப்போன ஆளில்லாக் கேமராச் சட்டம்தான் இடத்தைக் காட்டிக்கொடுத்தது. மனிதர்கள் பிறகு போனார்கள். 2014-இல் நெரியஸ் என்ற ரோபோ கெர்மடெக் அகழியில் நொறுங்கியபோது அறிவியலாளர்கள் வருந்தினார்கள். 2023 ஜூனில் ஆட்களோடு இறங்கிய டைட்டன் நீர்மூழ்கி நொறுங்கியபோது ஐந்து வீடுகளில் சாவு. வரிசையில் ரோபோ முன்னே போகட்டும், அதற்கே பணமும் முதலில் போகட்டும் என்பது என் தரப்பு.

மூன்றாவது விடையை உலகம் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு மிகப் பிடித்தது அதுவே. ஹைதராபாத்துக்கு நெருக்கமானதும் அதுவே. கயிறும் வேண்டாம், தேடிப் போகவும் வேண்டாம். ஆழத்தில் அளந்துவிட்டு, தானே மேலே வந்து வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பவும் மூழ்கும் கருவி. ஆர்கோ மிதவை. இருபது, இருபத்தைந்து கிலோ எடையுள்ள ஒரு குழல். மோட்டார் விசிறி கிடையாது. 1000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு ஏறக்குறைய பத்து நாள் மிதந்துபோகும். பிறகு 2000 மீட்டருக்கு இறங்கும். அங்கே தன் வயிற்றுக்குள் இருக்கும் எண்ணெயை வெளியே உள்ள பைக்குள் தள்ளும். எடை மாறாமல் பருமன் கூடுவதால் மெல்ல மேலே எழும். எழும் வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, மேலே வந்ததும் செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு, எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி இறங்கும். மின்கலம் தீரும் வரை நான்கைந்து ஆண்டு இதே வேலை.

2007-இல் உலகக் கடல்களில் இவை 3000 ஆயின. இப்போது ஏறத்தாழ 4000. இந்தியப் பெருங்கடலில் மிதப்பவை அனுப்பும் அளவுகளைச் சேர்த்து, சரிபார்த்து, உலகத்துக்குத் தரும் பொறுப்பு நிஜாம்பேட்டைப் பக்கம் பிரகதி நகரில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனத்துடையது. இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம், 1999-இல் தொடங்கியது. உங்களில் பலர் அந்தச் சாலையில் போயிருப்பீர்கள். தக்காணத்துப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்தக் கட்டடத்துக்கு இரவும் பகலும் கடல் பேசிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பேச்சில் என்ன இருக்கிறது? வங்கக் கடலையே எடுத்துக்கொள்வோம். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி என்று பெரிய ஆறுகள் எல்லாம் கொட்டும் நன்னீர் உப்புநீருக்கு மேலே ஒரு மெல்லிய அடுக்காகப் பரவி நிற்கிறது. எடை குறைந்த அந்த அடுக்கு கீழ்நீரோடு எளிதில் கலப்பதில்லை. வேறு கடல்களில் புயல் வந்தால் காற்றே கடலைக் கடைந்து அடியிலுள்ள குளிர்நீரை மேலே கொண்டுவந்துவிடும்; புயலின் உணவான வெப்பம் குறையும். இங்கே அந்தக் கடைதல் சரியாக நடப்பதில்லை. குளிர்நீர் மேலே வராததால் புயல் வலுவிழக்காமல் கரைக்கு வருகிறது. செயற்கைக்கோள் கடலின் மேல்தோலைத்தான் பார்க்கும். தோலுக்கு அடியில் எவ்வளவு வெப்பம் ஒளிந்திருக்கிறது என்று சொல்வது இந்த மிதவைகள். கடலூரிலும் நாகையிலும் புயல் எச்சரிக்கை ஒலிக்கும்போது, அதன் கணக்குகளுக்குப் பின்னால் இந்தக் குழல்கள் சொன்ன எண்களும் உண்டு.

சுனாமி எச்சரிக்கையும் இங்கிருந்துதான் வருகிறது. 2004 டிசம்பர் 26 காலை நம் கரைக்கு ஒரு சொல் முன்னதாக வரவில்லை. அந்தப் பாடத்தில் பிறந்த எச்சரிக்கை மையம் 2007 அக்டோபர் 15 முதல் இன்காய்ஸ் வளாகத்தில் இயங்குகிறது. கடல் தரையில் வைக்கப்பட்ட அழுத்தமானிகள், தலைக்கு மேலே நடுக்கடலில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தாலும் உணர்ந்து, ஒலி வழியே மேலுள்ள மிதவைக்குச் சொல்ல, மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்கிறது. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. சென்னையில் மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். கடல்தரை செங்குத்தாக எழாமல் பக்கவாட்டில் நகர்ந்த அதிர்வு என்பதால் பேரலை எழவில்லை. எழவில்லை என்பதை அளவு வைத்துச் சொல்ல முடிந்தது. 2004-க்கும் அதற்கும் நடுவில் ஏற்பட்ட மாற்றம் அது.

ஆனால் சேதி இந்த ஊர் வரை வந்துசேர்ந்தால் போதாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரியைத் தாக்கியபோது, மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் தெரிந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் கைபேசி ஊமையாகிவிடும். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் வீடுகளில் இதற்குக் கொடுத்த விலை எவ்வளவு என்று இன்றும் போய்ப் பார்க்கலாம். 2019-இல் ஜெமினி என்ற சிறு கருவியை அறிமுகம் செய்தார்கள். இன்காய்ஸ் தரும் எச்சரிக்கை செயற்கைக்கோள் வழியே படகில் இருக்கும் கைபேசிக்குப் போய்ச் சேரும். நல்ல முயற்சி. குறை ஒன்று உண்டு: படகிலிருப்பவர் பதில் சொல்ல முடியாது. 2000 மீட்டர் ஆழத்துக் குழல் நம்மிடம் பேசுகிறது. 200 கிலோமீட்டர் அப்பால் இருக்கும் மீனவரால் அந்தக் கருவி வழியே பேச முடியவில்லை. இரு வழிக் கருவி ஒவ்வொரு ஆழ்கடல் படகிலும் இருந்தே ஆக வேண்டும் என்று நான் இந்த மேடையிலும் வற்புறுத்துகிறேன்.

இனி கடல் தரையைத் தோண்டும் விஷயம். 1981 ஜனவரி 26-இல் நம் கவேஷணி என்ற ஆய்வுக் கப்பல் இந்தியப் பெருங்கடலின் அடியிலிருந்து மாங்கனீஸ் கட்டிகளை எடுத்தது. நிக்கல், தாமிரம், கோபால்ட் அடங்கிய கருங்கட்டிகள். பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்ற வேகத்தில் வளர்ந்தவை. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில், அதாவது தமிழ்நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில், அவற்றை ஆராயும் உரிமை நமக்கு இருக்கிறது. சர்வதேசக் கடல்தரை ஆணையத்தோடு 2002-இல் ஒப்பந்தம் ஆனது. தரையில் ஊர்ந்து சேகரிக்கும் வராஹா என்ற இயந்திரத்தை 2021-இல் 5270 மீட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். அதே ஆண்டு அமைச்சரவை 4077 கோடி ரூபாயில் ஆழ்கடல் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. வணிக அளவில் தோண்டுவதற்கான சர்வதேச விதிகள் இன்னும் முடிவாகவில்லை.

பெரு நாட்டுக்கு அப்பால், பசிபிக்கின் அடியில் 1989-இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். மாங்கனீஸ் கட்டிகள் கிடக்கும் தரையில் ஒரு கலப்பையை இழுத்துவிட்டு, காயம் எப்போது ஆறும் என்று பார்க்கக் காத்திருந்தார்கள். 2015-இல் ரோபோக்களை அனுப்பிப் படம் எடுத்தபோது, 26 ஆண்டு கழிந்தும் தடம் அப்படியே கிடந்தது. அங்கே வாழ்ந்த உயிர்கள் பழையபடி திரும்பியிருக்கவில்லை. ரோபோ போய்ப் பார்த்திராவிட்டால் இதை யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

உலகம் முழுவதும் ஆழ்கடல் தரையில் மனிதக் கண்ணோ கேமராவோ இதுவரை பார்த்திருப்பது 0.001 சதவீதத்துக்கும் குறைவு என்று 2025-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. சுமார் 3800 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல் இரண்டேகால் மடங்கு. இந்த அளவு அறிவை வைத்துக்கொண்டு 75,000 சதுர கிலோமீட்டரில் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று தீர்மானிக்க முடியுமா? முடியாது. நமக்குக் கோபால்ட் தேவை; இறக்குமதிக்கு வேறு நாடுகளைச் சார்ந்திருக்கிறோம்; இதை நான் மறுக்கவில்லை. ஆனால் சேகரிக்கும் இயந்திரம் ஒரு மீட்டர் நகர்வதற்கு முன், ஓமே போன்ற ஊர்திகள் பல ஆண்டுகள் அதே தரைக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்க வேண்டும். நகர்ந்த பிறகும் பல ஆண்டுகள் போக வேண்டும்.

அந்தப் படங்கள் யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஆர்கோ மிதவை எந்த நாடு போட்டதாக இருந்தாலும், அதன் அளவுகள் ஒரு நாளுக்குள் உலகத்தில் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. அனுமதிக் கடிதம் வேண்டாம். குகட்பள்ளியில் ஒரு கல்லூரி மாணவி இன்றிரவே தன் கணினியில் வங்கக் கடலின் 2000 மீட்டர் ஆழத்து வெப்பத்தைப் பார்க்கலாம். கடல்தரைப் படங்களும் அப்படி வர வேண்டும். இன்காய்ஸ் ஏற்கெனவே மிதவைகளுக்குச் செய்வதை, மாங்கனீஸ் வயலில் நம் ஊர்திகள் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் செய்யட்டும். அங்கே எந்த உயிர் இருக்கிறது, எத்தனை இருக்கிறது, இயந்திரம் போன பின் எது மிஞ்சியது என்பதைத் தூத்துக்குடி மீனவரும் திருவனந்தபுரத்து மாணவரும் அமைச்சக அதிகாரியும் ஒரே நாளில் பார்க்கும்படி இருக்கட்டும். ஆணையத்துக்கு ஆண்டுதோறும் அறிக்கை போகிறது, அது போதும் என்று சொல்வார்கள். போதாது. அறிக்கை என்பது ஒருவர் பார்த்துவிட்டுச் சொல்வது. இங்கே நாமே பார்ப்பதற்கு வழி இருக்கிறது. அதைச் செய்யும் கட்டடம் இந்த ஊரிலேயே இருக்கிறது. தரைப் படங்களைத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டு நீங்கள் எழுதுங்கள். தமிழிலும் எழுதலாம், தெலுங்கிலும் எழுதலாம்.